பிளெக்ஸா, ஜெல்லிஃபினா, எம்பியா: ஆயுள் சந்தா கட்டும் முன்

கேள்வி: பல ஆண்டுகளாகச் சேர்த்த குடும்ப வீடியோக்களும் டிவிடிகளிலிருந்து மாற்றிய திரைப்படங்களும் எங்கள் பழைய கணினியில் இருக்கின்றன. அவற்றை வீட்டு டிவியிலும், வெளியூரில் இருக்கும் மகளின் கைபேசியிலும் பார்க்க விரும்புகிறோம். இதற்கு உதவும் மென்பொருள்களான பிளெக்ஸ், ஜெல்லிஃபின், எம்பி ஆகியவற்றில் எது ஏற்றது? ஆயுள் சந்தா கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். வீட்டுக்குள் மட்டும் பார்ப்பதென்றால் ஜெல்லிஃபினே போதும் என்று தயங்காமல் சொல்லிவிடுவேன். உங்கள் மகள் எப்படிப் பார்க்கப் போகிறார் என்பதுதான் இங்கே முடிவைத் தீர்மானிக்கும்.

பிளெக்ஸில் கணக்கைத் திறந்து நுழைந்தால் போதும், வெளியூரிலிருந்து வீட்டுச் சர்வரை, அதாவது வீடியோக்களை அனுப்பும் உங்கள் கணினியை, எளிதாக அடைந்துவிடலாம். ஆனால் முன்பு இலவசமாக இருந்த இந்த வசதி, 2025 ஏப்ரல் 29 முதல் கட்டணத்துக்கு உரியதாகிவிட்டது. சர்வரின் உரிமையாளர் சந்தா கட்டியிருந்தால் மகள் தனியாகக் கட்டத் தேவையில்லை. அந்தக் கணக்கு நிறுவனத்திடம் இருப்பது என்பதையும் மறக்கக் கூடாது: 2022 ஆகஸ்டில் பயனர் விவரங்கள் கசிந்தபோது எல்லோரும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டியிருந்தது. ஜெல்லிஃபினில் சந்தாவும் இல்லை, நிறுவனக் கணக்கும் இல்லை. வெளியூரிலிருந்து இணைய, டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்டு போன்ற விபிஎன்னை (வீட்டு வலையமைப்பில் வெளியிலிருந்து பாதுகாப்பாக இணையும் தனிப் பாதையை) நீங்களே அமைத்து, மகளின் கைபேசியிலும் நிறுவித் தர வேண்டும். ரவுட்டரில் போர்ட்டை (ஒரு மென்பொருளை அடையும் எண்ணிட்ட வாயிலை) திறந்துவிடுவது சுலபமாகத் தோன்றும், ஆனால் இணையத்தில் உள்ள எவரும் அந்த வாயிலைத் தட்டலாம் என்பதால் அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது பழைய கணினியின் திறன். வீடியோ கோப்பை டிவி அப்படியே ஏற்றுக்கொண்டால் சர்வருக்கு வேலையே இல்லை. ஏற்காவிட்டால் ஓடும்போதே வேறு வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும், இதுவே டிரான்ஸ்கோடிங். என் பழைய கணினியில் ஒரு படம் பத்து விநாடிக்கு ஒருமுறை நின்று நின்று ஓட, மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. ஜெல்லிஃபினின் டாஷ்போர்டைத் திறந்து பார்த்தபோது, வீடியோவில் குறையில்லை, சப்டைட்டிலே காரணம் என்று தெரிந்தது. டிவிடியில் உள்ள சப்டைட்டில்கள் எழுத்தாக அல்லாமல் படமாக இருப்பவை. அவற்றைக் காட்டத் தெரியாத செயலிக்கு, சர்வர் ஒவ்வொரு காட்சியின் மேலும் அவற்றைப் பதித்து அனுப்ப வேண்டியிருக்கிறது. எழுத்து வடிவ எஸ்ஆர்டி கோப்பாக மாற்றியதும் படம் தடையின்றி ஓடியது. புதிய கணினி வாங்கும் எண்ணத்தையும் அன்றே கைவிட்டேன்.

டிரான்ஸ்கோடிங் தவிர்க்க முடியாததென்றால், இன்டெல் குவிக் சிங்க் போன்ற வன்பொருள் வசதி பளுவைப் பெரிதும் குறைக்கும். இதைப் பயன்படுத்தப் பிளெக்ஸும் எம்பியும் சந்தா கேட்கின்றன, ஜெல்லிஃபின் கேட்பதில்லை. எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருந்த எம்பியின் மூல நிரல் 2018 டிசம்பரில் மூடப்பட்டபோது அதிலிருந்து பிரிந்து உருவானதே ஜெல்லிஃபின் என்பதால் இரண்டின் அமைப்பும் ஒத்திருக்கும். உங்கள் டிவியில் எம்பியின் செயலி மட்டுமே சரியாக ஓடுகிறது என்றால் ஒழிய, அதற்குப் பணம் கட்டக் காரணம் தெரியவில்லை.

பிளெக்ஸ் 32400 என்ற போர்ட்டிலும் ஜெல்லிஃபின் 8096 என்ற போர்ட்டிலும் இயங்குவதால், ஒரே கணினியில் ஒரே கோப்புறையைக் காட்டி இரண்டையும் சோதித்துப் பார்க்கலாம். மகளுக்கு விபிஎன் ஒத்துவரவில்லை என்றால் பிளெக்ஸுக்கு முதலில் மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள். அதற்கும் முன்பாக உங்கள் இணைய இணைப்பின் அப்லோடு வேகத்தை (வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகத்தை) சோதியுங்கள். அது குறைவாக இருந்தால் எந்த மென்பொருளிலும் மகளின் கைபேசியில் படம் சீராக ஓடாது.