பின் சுவரில் தடுமாறும் கால்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 57 வயது. நாங்கள் குடியிருக்கும் சொசைட்டியின் ஹாலில் சனிக்கிழமை காலையில் லைன் டான்ஸ் (வரிசையாக நின்று எல்லோரும் ஒரே அடிகளை ஆடுவது) வகுப்பு நடக்கிறது. மூன்று வாரமாகப் போகிறேன். நேராக நிற்கும்வரை ஒழுங்காக வருகிறது. திரும்பியதும் எந்தக் காலை எடுப்பது என்று தெரியாமல் நின்றுவிடுகிறேன். மற்றவர்களுக்கு இடைஞ்சல்தானே என்று கூச்சமாக இருக்கிறது. சிறு வயதில் கொஞ்சம் பாட்டு கற்றதைத் தவிர வேறு பயிற்சி இல்லை. விட்டுவிடலாமா?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: விட வேண்டாம். பாட்டு கற்றதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் கைமுதல். லைன் டான்ஸில் கணக்கு எட்டெட்டாகப் போகும். தொடக்க நிலை ஆட்டங்கள் பெரும்பாலும் 32 எண்ணிக்கை கொண்டவை. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனம், அதாவது நான்கு முழுச் சுற்று, என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முடிந்ததும் அதே அடிகளை வேறு திசை நோக்கி மறுபடியும் ஆட வேண்டும். சுற்றுக்கு 90 டிகிரி திரும்பினால், நான்கு சுற்றில், அதாவது 128 எண்ணிக்கையில், தொடங்கிய திசைக்கே வந்து சேர்வீர்கள். இதற்குத்தான் 'ஃபோர் வால்' என்று பெயர். (முதன்முதலில் கேட்டபோது எனக்கு நான்கு வால்தான் நினைவுக்கு வந்தது, அவர்கள் சொல்வது சுவரை.)

உங்கள் சிக்கல் ஞாபக மறதியால் வருவதன்று, உடலின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதால் வருவது. 'கிரேப்வைன்' என்ற அடியையே எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் போகும்போது இடது காலைப் பக்கவாட்டில் வைத்து, வலது காலை அதன் பின்னால் குறுக்காக வைத்து, மீண்டும் இடது காலை எடுத்து வைத்து, நான்காவது எண்ணிக்கையில் வலது காலை அருகில் கொண்டுவந்து தரையைத் தொட மட்டும் வேண்டும். காயாத கோலத்தின் மேல் விரல் நுனி படுவதுபோலத் தொட்டால் போதும். அங்கே முழுக்காலையும் ஊன்றி எடையைப் போட்டுவிட்டால், அடுத்து எடுக்க வேண்டிய வலது கால் தரையோடு மாட்டிக்கொள்ளும். பல ஆட்டங்களில் இந்த மூன்றாவது அடியில்தான் புதிய சுவரை நோக்கித் திரும்புகிறோம் என்பதால், பிழை நான்காவதில் நடந்தாலும் திரும்பிய பிறகே கண்ணுக்குத் தெரிகிறது. தொட்ட காலே அடுத்து எடுக்கும் கால்: இதை வாய்விட்டுச் சொல்லியபடி, குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சமையலறையிலேயே பழகலாம்.

'ஷஃபிள்' என்பதில் இரண்டு எண்ணிக்கைக்குள் மூன்று அடிகள் வரும். 'தக தை' என்று சொல்லிக்கொள்ளுங்கள். 'தக' முதல் எண்ணிக்கைக்கு, 'தை' அடுத்ததற்கு.

கூச்சத்தால் கடைசி வரிசையில் நிற்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பின் சுவரை நோக்கித் திரும்பும்போது அதுவே முதல் வரிசையாகிவிடுகிறது. பார்த்து ஆட எதிரே யாரும் இருப்பதில்லை. அடுத்த வாரம் நடு வரிசையின் நடுவில் நில்லுங்கள். அடி தவறினால் உறைந்து நிற்காமல், இருந்த இடத்திலேயே தாளத்துக்கு நடந்துகொண்டிருந்து, அடுத்த எட்டில் சேர்ந்துகொள்ளலாம். பக்கத்தில் இருப்பவர் இடித்துக்கொள்ள மாட்டார்.

காலணியையும் கவனியுங்கள். தரையை இறுகப் பிடிக்கும் ரப்பர் அடியுள்ள ஓட்டக் காலணியோடு திரும்பினால் பாதம் நின்றுவிடும், முழங்கால் மட்டும் முறுக்கிக்கொள்ளும். வழவழப்பான அடிப்பாகமும் குதிகாலில் வாரும் உள்ள காலணி நல்லது. சப்பல் கூடவே கூடாது. முழங்காலில் ஏற்கெனவே வலி இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆடுங்கள்.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன் நான். லைன் டான்ஸைப் பெண்கள் வகுப்பு என்று என் வீட்டில் கேலி செய்கிறார்கள். ஆண்கள் சேரலாமா?
– வாசகர், மாட்டுங்கா

பதில்: தாராளமாகச் சேரலாம். இதில் ஜோடி தேவையில்லை, ஆணுக்கு ஓர் அடி பெண்ணுக்கு ஓர் அடி என்ற பிரிவும் இல்லை. அமெரிக்காவில் பூட்ஸும் தொப்பியுமாக ஆண்கள் ஆடிய ஆட்டம் இது என்று வீட்டில் சொல்லுங்கள்.

கேள்வி: வகுப்புக்குப் போக நேரமில்லை. வீடியோ பார்த்தே கற்க முடியுமா?
– வாசகி, முலுண்ட்

பதில்: முடியும், ஆனால் ஆசிரியர் உங்களைப் பார்த்து நிற்கும் வீடியோ வேண்டாம், அவருடைய வலது உங்களுக்கு இடதாகத் தெரியும். முதுகைக் காட்டி ஆடுவதாகத் தேர்ந்தெடுத்து, பாட்டை நிறுத்திவிட்டு, எண்ணிக்கையை மட்டும் கேட்டு முதல் எட்டைப் பழகுங்கள். அது தானாக வரும்வரை இரண்டாவது எட்டைத் தொட வேண்டாம்.