வாசகர் கேள்வி–பதில்: அந்த வீதி யாருடையது?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீதியைப் பற்றியவை. அதனால் காணி, பென்ஷன் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் லயம் ஹட்டன்–நுவரெலியா வீதியோரம். கார்பட் போட்ட பிறகு வேன்களும் பஸ்களும் பறக்கின்றன. காலையில் பனிமூட்டத்துக்குள் பிள்ளைகள் ஒரு முடக்கில் வீதியைக் கடந்துதான் பாடசாலைக்குப் போக வேண்டும். போன வருடம் ஊரே கையெழுத்துப் போட்டுப் பிரதேச சபையில் மகஜர் கொடுத்தோம். வாங்கினார்கள், படம் எடுத்தார்கள், அவ்வளவுதான். இனி என்ன செய்வது ஐயா? (ஒரு தாய், தலவாக்கலை)

தங்கச்சி, உங்கள் மகஜரில் குறையில்லை. அது போன இடம்தான் வேறு. நீங்கள் சொல்வது ஏ7 வீதி. ஏ, பி என்று இலக்கம் உள்ள வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். சி, டி வீதிகள் மாகாணத்துக்கு. மிச்சமுள்ள சின்ன வீதிகளில் பிரதேச சபை பொறுப்பேற்றவை மட்டுமே அதன் கையில் இருக்கின்றன. ஏ7 வீதியில் வேகத்தைக் குறைக்கும் பலகையைப் பிரதேச சபை தன் இஷ்டத்துக்கு நட முடியாது. ஆனால் மாதாந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி உரிய இடத்துக்கு அனுப்பலாம். 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு உங்கள் வட்டாரத்துக்கென்று ஓர் உறுப்பினர் இருக்கிறார். அவரிடம் கேட்க வேண்டியது அந்தத் தீர்மானத்தைத்தான். அதன் பிரதியையும் கையோடு வாங்கி வையுங்கள்.

மகஜரைப் புதிதாக எழுதி அதிகார சபையின் நிறைவேற்றுப் பொறியியலாளருக்கு அனுப்புங்கள். ஒரு பிரதி பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு, இன்னொன்று பிரதேச செயலாளருக்கு. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் இதை எடுக்கச் சொல்லிப் பிரதேச செயலாளரைக் கேளுங்கள். பொறியியலாளர், பொலிஸ், அரசியல்வாதி மூவரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அதுதான். எல்லாம் பதிவுத் தபாலில் போகட்டும்.

உள்ளூராட்சியில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த காலத்தில் இப்படியான மகஜர்கள் நிறைய என் கைக்கு வந்திருக்கின்றன. ‘எமது வீதியைப் பாதுகாப்பானதாக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று இருக்கும், பின்னால் பக்கம் பக்கமாகக் கையெழுத்து. அதை வைத்துக்கொண்டு ஒரு பொறியியலாளர் எந்த இடத்துக்குப் போவார், எதை மதிப்பீடு செய்வார்? ஒரு முடக்கு, ஒரு கோரிக்கை, ஓர் அளவு என்று எழுதிய ஒற்றைப் பக்கக் கடிதம் இருந்தால் அவரால் மேலிடத்தில் பணம் கேட்க முடியும்.

அளவு, அதாவது சாரதிக்குப் பிள்ளை தெரிகிற தூரம், எடுப்பது கஷ்டமில்லை. போக்குவரத்துக் குறைந்த நேரத்தில், பெரியவர்கள் மட்டும் போய்ச் செய்யுங்கள். பிள்ளை வீதியில் கால் வைக்கும் இடத்தில் ஒருவர் நிற்கட்டும். இன்னொருவர் வாகனம் வருகிற பக்கமாக வீதி ஓரத்தில் நடக்கட்டும். முடக்கில் அவர் மறைகிற இடம் வரைக்கும் கயிறு பிடித்து அளந்துகொள்ளுங்கள். 30 மீற்றர் வருகிறது என்று வைப்போம். 50 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வாகனம் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீற்றர் ஓடுகிறது. சாரதி பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே 20 மீற்றர் போய்விடும். ஈரமான கார்பட்டில் முழுதாக நிற்க எல்லாம் சேர்த்து 45 மீற்றர் வேண்டும், இறக்கமென்றால் இன்னும் கூடும். அந்த முடக்கில் இருப்பதோ 30 மீற்றர். அதே வாகனம் 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் 20 மீற்றர் சொச்சத்தில் நின்றுவிடும். இந்தக் கணக்கை மகஜரில் எழுதுங்கள். குடியிருப்புப் பகுதியில் கார்களுக்குச் சட்டம் விடுகிற உச்சம் 50. நடப்பவர்களும் வாகனமும் கலக்கிற இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 30. அந்த 30ஐத்தான் நீங்கள் பாடசாலைப் பக்கத்துக்குக் கேட்கப்போகிறீர்கள்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். முடக்கிலேயே மஞ்சள் கோட்டுக் கடவை கேட்காதீர்கள். கோடு இருக்கிறது என்று நம்பிப் பிள்ளை இறங்கும், சாரதிக்குக் கோடும் தெரியாது, பிள்ளையும் தெரியாது. இரண்டு பக்கமும் பார்வை எட்டுகிற நேரான துண்டில் கடவை வரட்டும், அந்த இடம் வரை பிள்ளைகள் நடந்து போக ஓரம் கேளுங்கள். நம் மலை வீதிகளில் பெரிய பிரச்சினையே இந்த ஓரம்தான். ஒரு பக்கம் மலையும் திறந்த கானும், மறுபக்கம் பள்ளம். பஸ் வந்தால் பிள்ளை ஒதுங்க இடமில்லை. கானுக்கு மேல் கொங்கிறீட் மூடி போட்டால் அதுவே நடைபாதை. வீதியை அகலப்படுத்தும் செலவோடு பார்த்தால் இது சின்ன வேலை. முடக்கின் உட்பக்கம் வளர்ந்திருக்கும் பற்றைகளை வெட்டச் சொல்லியும் எழுதுங்கள். சில இடங்களில் அதுவே பத்துப் பதினைந்து மீற்றர் பார்வையைத் திருப்பித் தரும்.

கேள்வி: எங்கள் வீதி தோட்டத்துக்குள் போகிறது. பிரதேச சபையில் கேட்டால் தோட்டத்தின் வீதி என்கிறார்கள், தோட்டத்தில் கேட்டால் பணம் இல்லை என்கிறார்கள். கொழுந்து லொறியும் பெடியன்களின் மோட்டார் சைக்கிளும் லயத்து வாசலை உரசிக்கொண்டு போகின்றன. நாங்களே சீமெந்தில் பம்ப் போட்டுவிடலாம் என்று பேசிக்கொள்கிறோம். (இளைஞர் ஒருவர், பொகவந்தலாவை)

தம்பி, பம்ப் மட்டும் வேண்டாம். அளவில்லாமல், வர்ணம் அடிக்காமல், முன்னறிவிப்பு இல்லாமல் போட்டால் இரவுப் பனியில் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் அதில்தான் விழுவான். பிரசவ வலியோடு ஓட்டோவில் போகிற பெண்ணையும் நினைத்துப் பாருங்கள்.

1992இல் தோட்டங்கள் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது உள்வீதிகளும் கூடவே போய்விட்டன. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை பணம் செலவழிக்க 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில் தடை இருந்தது. நம் மக்களும் வரிகட்டி, வாக்குப் போட்டு, அந்தச் சபையின் ஒரு விளக்குக் கூட இல்லாமல் முப்பது வருடம் இருந்தார்கள். நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே ‘அது தோட்டத்து வீதி’ என்று சொல்லி ஒரு சபை இன்று கதவை மூட முடியாது. தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று அவர்கள் கேட்கலாம், அது நியாயம்தான். துரையிடம் அந்தக் கடிதத்தை வாங்குவதற்குத் தொழிற்சங்கத் தலைவர்மாரை முன்னால் விடுங்கள்.

யாரும் வாய் திறக்கவில்லை என்றால் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள்: இந்த வீதி யாருடைய பொறுப்பு, சபையின் வீதிப் பதிவில் இருக்கிறதா? தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பொலிஸுக்கும் தனியாக ஒரு விண்ணப்பம் போடுங்கள், அந்த இடத்தில் ஐந்து வருடங்களில் பதிவான விபத்துகள் எத்தனை என்று. பதில் கையில் வந்ததும் மகஜரோடு இணையுங்கள்.

கேள்வி: நானுஓயாப் பக்கம் ரதல்ல குறுக்கு வீதியில் போட்ட மாதிரி எங்கள் வீதியிலும் பெரிய வாகனங்களைத் தடை செய்ய முடியாதா? (வாசகர், வெலிமடை)

முடியும். ஆனால் ரதல்லயில் அது எப்போது கடுமையாக வந்தது? 2023 ஜனவரியில் பஸ், வேன், ஓட்டோ மோதி ஏழு பேர் இறந்த பிறகு. மற்றப் பெரிய விபத்துகளையும் பாருங்கள்: பசறை 13ஆம் கட்டை 2021, ரம்பொடை கெரண்டி எல்ல 2025 மே, எல்ல–வெல்லவாய வீதி அதே வருடம் செப்டம்பர். ஒவ்வொரு முறையும் பள்ளத்திலிருந்து உடல்களைத் தூக்கிய பிறகுதான் வேலி, பலகை, பரிசோதனை என்று ஓடுகிறார்கள். உங்கள் வீதியில் யாரும் சாகவில்லை என்பது காத்திருப்பதற்குக் காரணம் ஆகாது. தடை கேட்கும்போது மாற்று வழி எது, எத்தனை கிலோமீற்றர் கூடும், மரக்கறி லொறிகள் எந்த நேரத்தில் போகும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் முதல் எதிர்ப்பு உங்கள் ஊர் விவசாயிகளிடமிருந்தே வரும்.

கேள்வி: எல்லாரும் சாரதியைத்தான் திட்டுகிறார்கள். பின்னால் வருகிற பஸ் முந்தினால் அன்றைய வசூல் போச்சு. நேர அட்டவணையைப் போடுகிறவர்களைக் கேட்க யாரும் இல்லையா? (தனியார் பஸ் சாரதி, ஹட்டன்)

உங்கள் கேள்வி மகஜரிலேயே இருக்க வேண்டியது. நேர அட்டவணை மனிதன் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை பயணிகளுக்கும் இருக்கிறது. ஆனால் டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது உங்களுக்கும் தெரியும். எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பாரம் முழுவதும் பிரேக்கில் விழுந்தால் அது சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். வெளியூரிலிருந்து வரும் சுற்றுலா பஸ் சாரதிகளுக்கு இது தெரிவதில்லை. நீண்ட இறக்கங்களின் உச்சியில் மூன்று மொழியிலும் பலகை வேண்டும் என்று உங்கள் சங்கத்தின் பெயரில் கேளுங்கள். எந்த முடக்கில் பஸ் இழுக்கும், எங்கே வேலி உடைந்திருக்கிறது என்பது உங்களைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. கட்டை இலக்கத்தோடு எழுதி ஊர்க்காரர்களிடம் கொடுங்கள், கையெழுத்தும் போடுங்கள்.

கேள்வி: மகஜரைச் சிங்களத்தில்தான் எழுத வேண்டுமா? (மாணவி, லுணுகலை)

இல்லை மகள். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் பெறும் உரிமையும் அரசியலமைப்பில் இருக்கிறது. வேலை சீக்கிரம் நடக்க ஒரு சிங்களப் பிரதி இணைத்தால் நல்லது, அது உங்கள் விருப்பம். சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் அந்தக் கடிதத்தின் இலக்கத்தைக் குறிப்பிட்டுத் தமிழில் தரும்படி திரும்ப எழுதுங்கள்.