கேரம் பலகையும் டிஸ்கார்டும்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 22 வயது. பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடுகிறான். ராத்திரி இரண்டு மணி வரை மொபைலில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம். செய்தித்தாளைத் தொடுவதில்லை. போன தேர்தலில் ஓட்டுப் போடவும் போகவில்லை. “உங்க அரசியல் எனக்கு வேணாம்பா” என்கிறான். நாங்கள் அந்த வயதில் ஊர்வலம் போனவர்கள். வீடியோ கேம் ஒரு தலைமுறையையே அரசியல் இல்லாததாக ஆக்கிவிட்டது. ஆன்லைன் ரம்மியைப் போல இதையும் தடைசெய்தால் என்ன?

ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கவலை புரிகிறது. படித்த பையன் வேலையில்லாமல் வீட்டில் இருப்பது உங்களைவிட அவனுக்குத்தான் அதிகம் வலிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அவனுக்குத் தூக்கம் வராததில் எனக்கு ஆச்சரியமில்லை.

ரம்மியை இதில் இழுக்காதீர்கள். அது சூதாட்டம். 2025 ஆகஸ்டில் காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்த நாடாளுமன்றம், அதே சட்டத்தில் வீடியோ கேம் போட்டிகளான இ-ஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரம் கொடுத்தது.

தடையும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. 2019 மார்ச்சில் ராஜ்கோட் போலீஸ் பப்ஜிக்குத் தடை உத்தரவு போட்டு மாணவர்களைக் கைது செய்தது. கல்வானில் இந்திய, சீன ராணுவங்கள் மோதிய பிறகு, 2020 செப்டம்பரில் சீனத் தொடர்புள்ள 118 செயலிகளை மத்திய அரசு தடைசெய்தபோது பப்ஜியும் போனது. அதற்குப் பதிலாக வந்த பிஜிஎம்ஐயும் 2022 ஜூலையில் காணாமல் போய் 2023 மே மாதம் திரும்பியது. உங்கள் மகன் விளையாடும் ஆட்டத்தின் கதையில் பாதி இந்திய-சீன எல்லைத் தகராறுதான்.

சரி, என்னை எழுத உட்கார வைத்தது உங்கள் கடைசிக்கு முந்தைய வரி. கொஞ்ச நாளாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2025 செப்டம்பரில் நேபாள அரசு 26 சமூக ஊடகங்களை முடக்கியது. ஊழலில் ஏற்கெனவே கொதித்துப் போயிருந்த இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். போலீஸ் சுட்டது. 8ஆம் தேதி ஒரே நாளில் 19 பிள்ளைகள் செத்தார்கள். மறுநாள் பிரதமர் ஒலி பதவி விலகினார். அடுத்து யார் என்று அவர்கள் கூடிப் பேசியது எங்கே தெரியுமா? டிஸ்கார்டில். கேம் ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டே பேசுவதற்காக 2015இல் வந்த செயலி அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்த அந்தக் குழுவில் வாதாடி, வாக்கெடுத்து, முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கியை முன்னிறுத்தினார்கள். 12ஆம் தேதி அவர் பதவியேற்றார். அந்தப் பிள்ளைகளையும் யாரோ ஓர் அப்பா “எந்நேரமும் ஃபோன்தானா” என்று திட்டியிருப்பார்.

எங்கள் தெருமுனையில் ஒரு கட்சிப் படிப்பகம் இருந்தது. கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஆணியில் தொங்கும் கட்சிப் பத்திரிகை, நடுவில் கேரம் பலகை. பத்திரிகை படிக்க வந்தவர்களைவிடக் காய் அடிக்க வந்தவர்கள்தான் அதிகம். போரிக் பவுடரைத் தூவி ஒருவர் குறி பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் தலையங்கத்தைச் சத்தமாக வாசிப்பார். ரெட் விழுந்து ஃபாலோ விழாத எரிச்சலில் ஒருவன் அரிசி விலையைப் பற்றிக் கத்துவான். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போகும். தேர்தல் வந்தால் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனது அந்தக் கேரம் கூட்டம்தான். யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. தினமும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடியதில் ஒருவரையொருவர் நம்பப் பழகியிருந்தார்கள். “கேரம் ஆடியே உருப்படாமல் போகப்போகிறாய்” என்று என் அப்பாவும் சொன்னார்.

ஊர்வலம் போன நீங்கள் இப்படி ஒரு கொட்டகையில் உட்கார்ந்ததே இல்லையா? உட்கார்ந்திருந்தால் உங்கள் மகனைப் பற்றி இப்படி எழுத எப்படி மனம் வந்தது?

அவன் ஓட்டுப் போடாதது தப்பு. அதைக் கண்டிப்பாகவே சொல்லுங்கள், கேமின் மேல் பழியைப் போடாமல். ஆனால் நீங்கள் போன ஊர்வலத்தைப் பற்றி ஒருநாளாவது அவனிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? பேப்பரைப் பிரித்துக்கொண்டே பிள்ளையைத் திட்டுவது அரசியல் பேச்சு ஆகாது.

இன்று ராத்திரி பக்கத்தில் போய் உட்காருங்கள். அவனோடு சேர்ந்து ஆடும் மற்ற மூன்று பேர் யார், எந்த ஊர், ஆட்டம் முடிந்த பிறகும் மைக்கை அணைக்காமல் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். வேலை கிடைக்காததைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைக்கிறேன். அவன் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.