பெற்றோர் இருவருக்கும் நோயே இல்லை, குழந்தைக்கு மட்டும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலையும் செரிமானத்தையும் கெடுக்கும் பரம்பரை நோய்) எப்படி வந்தது?

மரபணு என்பது ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு: அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. (பாலினக் குரோமோசோம்களின் கதை வேறு, அதை இங்கே விட்டுவிடுவோம்.)

இந்த நோயில் பழுதாவது 7ஆம் குரோமோசோமில் உள்ள சி.எஃப்.டி.ஆர். மரபணு. 1989இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புரதம் செல்லின் மேற்பரப்பில் ஒரு வாசல் மாதிரி நின்று குளோரைடு அயனிகளை வெளியே விடுகிறது. உப்பு போகும் பக்கம் தண்ணீரும் போகும். அதனால்தான் நுரையீரலின் சளி இளக்கமாக இருக்கிறது.

இந்த மரபணுவில் ஏற்படும் மிகப் பரவலான பிறழ்வில் (மாற்றத்தில்) மூன்றே மூன்று டி.என்.ஏ. எழுத்துகள் காணாமல் போகின்றன. அதனால் புரதத்தைக் கட்டும் துண்டுகளான 1480 அமினோ அமிலங்களில் 508ஆவது மட்டும் விடுபடுகிறது. கேட்டால் அற்பமாகத் தோன்றும். ஆனால் புரதம் சரியாக மடிவதில்லை. செல்லே அதைக் கழிவென்று அழித்துவிடுகிறது, வாசல் மேற்பரப்புக்கு வந்து சேர்வதே இல்லை. சளி கெட்டியாகிறது, கிருமிகள் தங்கிவிடுகின்றன, கணைய நாளங்கள் அடைபட்டுச் செரிமானமும் கெடுகிறது. வியர்வைச் சுரப்பியில் மட்டும் கதை தலைகீழ்: அங்கே உப்பைத் திரும்ப உறிஞ்ச வேண்டிய வாசல் அது. அதனால் வியர்வை அதிகமாகக் கரிக்கும். நோயை உறுதிசெய்யும் சோதனையே இதை வைத்துத்தான்.

சரி, பெற்றோருக்கு ஏன் இல்லை? அவர்களிடம் ஒரு பிரதி பழுது, மற்றொன்று நல்லது. ஒரு நல்ல பிரதியே போதும். இருவரும் இப்படிக் கடத்திகளாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் இரண்டு பழுதான பிரதிகளும் குழந்தைக்குச் சேர 25% வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது என்பதால் அடுத்ததற்கு அது குறையாது.