வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானை அமெரிக்க அரசு ஏன் இன்றுவரை தடை செய்யவில்லை?

ஒரு முறை ஏறக்குறைய தடை செய்தார்கள். அது பலிக்கவும் செய்தது.

அடிமை முறையை வைத்து வட, தென் மாநிலங்கள் மோதிய உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்த கையோடு டென்னசி மாநிலத்தின் புலாஸ்கி என்ற சிற்றூரில் க்ளான் உருவானது. தொடங்கியவர்கள் தோற்றுப்போன தென்மாநிலப் படையின் ஆறு பேர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவர் ஓட்டுப் போடுவதும் பள்ளிக்கூடம் போவதும் இவர்களுக்குப் பொறுக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு இரவில் வந்து சாட்டையால் அடித்தார்கள், கொன்றார்கள், பள்ளிகளைக் கொளுத்தினார்கள். 1871 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. அக்டோபரில் ஜனாதிபதி கிராண்ட் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையையே, அதாவது அடைத்து வைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் உரிமையையே, நிறுத்திவைத்தார். படை போனது, நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள், முதல் க்ளான் சிதறியது. ஆனால் 1877-இல் மத்தியப் படை விலகிக்கொண்டதும், க்ளான் கேட்டதையெல்லாம் தென்மாநில அரசுகளே சட்டம் போட்டுச் செய்து முடித்தன. இந்த இடத்தை மறந்துவிட்டால் பிறகு நடந்தது எதுவும் புரியாது.

இரண்டாவது க்ளான் 1915-இல் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன் உச்சியில் சிலுவையைக் கொளுத்திப் பிறந்தது. அட்லான்டாவில் இருந்தபோது அந்த மலைக்குப் போயிருக்கிறேன். குடும்பம் குடும்பமாக ஏறுகிறார்கள், பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தபின் என்னால் நிம்மதியாக நிற்க முடியவில்லை.

இந்த இரண்டாவது அமைப்பு ஒளிந்து வாழவில்லை. 1920-இல் விளம்பரத் தொழில் தெரிந்த எட்வர்ட் யங் கிளார்க், எலிசபெத் டைலர் என்ற இருவரிடம் ஆள் சேர்க்கும் வேலையை ஒப்படைத்தார்கள். சேருவதற்குக் கட்டணம் 10 டாலர். ஆளைப் பிடித்துக் கொடுத்தவருக்கு அதில் 4 டாலர். வெறுப்பு ஒரு கமிஷன் வியாபாரமாகவே நடந்தது. கறுப்பினத்தவரோடு கத்தோலிக்கர், யூதர், புதிதாக வந்து குடியேறியவர்கள் என எதிரிகளின் பட்டியலும் நீண்டது. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனிப் பிரிவுகள், பிக்னிக், பேஸ்பால், தேவாலயத்தில் ஆராதனை நடக்கும்போதே வெள்ளை அங்கியோடு நுழைந்து காணிக்கை தருவது எல்லாம் உண்டு. உறுப்பினர்களில் பல் மருத்துவர், போதகர், கடைக்காரர், மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃப் எல்லோரும் இருந்தார்கள். 1925 ஆகஸ்ட் 8 அன்று வாஷிங்டன் பென்சில்வேனியா அவென்யூவில் பல்லாயிரம் பேர் முகத்தை மூடாமலே ஊர்வலம் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரரே உள்ளே இருக்கும்போது தடை போடப் போவது யார்?

அவர்களைக் கவிழ்த்தது அவர்களின் தலைவர்களே. இண்டியானாவில் க்ளானை ஆட்டிவைத்த டி. சி. ஸ்டீஃபன்சன் ஒரு பெண்ணைக் கடத்திச் சீரழித்துச் சாகடித்த வழக்கில் 1925-இல் தண்டிக்கப்பட்டார். ஆளுநர் மன்னிப்புத் தராததால், க்ளானிடம் காசு வாங்கிய அரசியல்வாதிகளின் பெயர்களை ஸ்டீஃபன்சன் வெளியே விட்டார். ஒழுக்கத்தின் காவலர்கள் என்ற வேஷம் கலைந்தது, ஆட்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். 1944-இல் வருமான வரித் துறை 6,85,000 டாலர் பாக்கி கேட்டதும் தேசிய அமைப்பே மூடப்பட்டது.

அப்புறம் வந்தவை சிறு சிறு குழுக்கள், ஆனால் கொலைகாரக் குழுக்கள். 1963-இல் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். 1964-இல் மிசிசிப்பியில் மூன்று உரிமைப் போராளிகளைக் கைது செய்து, இரவில் விடுவித்து, க்ளான் கையில் சிக்கவைத்தவர் துணை ஷெரிஃப். மூவரும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளுக்காக மாநில நீதிமன்றம் ஒருவரைத் தண்டிக்க 2005 வரை ஆனது. என் பார்வையில் அங்கே குறை தடைச் சட்டம் இல்லாதது அல்ல. கொலைக்கு எப்போதும் சட்டம் இருந்தது. அதைக் கையில் எடுக்கப் போலீசும் ஜூரியும் தயாராக இல்லை.

உங்கள் கேள்விக்கான நேரடிப் பதில் 1969-இல் இருக்கிறது. ஒஹையோவின் க்ளான் தலைவர் பிராண்டன்பர்க் பேசிய வெறுப்புப் பேச்சுக்காக அவருக்குக் கிடைத்த தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உடனடி வன்முறையைத் தூண்டும் நோக்கமும், அது நடந்துவிடும் என்ற வாய்ப்பும் இருந்தால்தான் பேச்சைத் தண்டிக்கலாம் என்றது. அதனால் அமைப்பையோ கொள்கையையோ தடை செய்வது அங்கே கிட்டத்தட்ட முடியாத காரியம். முகமூடியைத் தடுக்கலாம், ஜார்ஜியா 1951-லேயே தடுத்தது. குற்றத்துக்குக் கணக்குக் கேட்கலாம்.

அப்படிக் கேட்டவர் பியூலா மே டொனால்ட். 1981-இல் அலபாமாவின் மொபீல் நகரில் அவருடைய 19 வயது மகன் மைக்கேலை, கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்துக்காகக் க்ளான் ஆட்கள் கொன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். கொன்றவர்கள் தண்டிக்கப்பட்டதோடு அந்தத் தாய் நிற்கவில்லை. யுனைடெட் க்ளான்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பின் மீதே நஷ்டஈடு வழக்குப் போட்டார். வன்முறையைத் தூண்டும் அதன் பத்திரிகையே சாட்சியாக வந்தது. 1987-இல் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 70 லட்சம் டாலர் தரச் சொன்னது. கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை. டஸ்கலூசாவில் இருந்த தலைமையகக் கட்டடத்தின் பத்திரம் அந்தத் தாயின் பெயருக்கு மாறியது, அமைப்பு முடிந்துபோனது.