எட்டு மாதப் பயணத்துக்கு நான்கு மாதப் பணம்

கேள்வி: எனக்கு வயது 27. கணக்குப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, முதுகில் ஒரு பையோடு எட்டு மாதங்கள் வெளிநாடுகளில் சுற்றிவர முடிவு செய்திருக்கிறேன். சிக்கனமாக இருந்தால் என் சேமிப்பு நான்கு மாதங்களுக்கு வரும். மீதி நான்கு மாதங்களைப் பண்ணைகளிலும் பயணியர் விடுதிகளிலும் தன்னார்வப் பணி செய்து, அதற்கு ஈடாகக் கிடைக்கும் உணவையும் இடத்தையும் கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். இதற்கிடையில், ஒரு குழந்தைகள் இல்லத்தில் மூன்று வாரம் ஆங்கிலம் கற்பிக்க ஏற்பாடு செய்வதாகச் சொல்லும் ஒரு நிறுவனம், இம்மாத இறுதிக்குள் பெரிய தொகையொன்றை முன்பணமாகக் கட்டச் சொல்கிறது. கட்டலாமா? என் திட்டம் நடக்குமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முன்பணத்தைக் கட்ட வேண்டாம். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். பயணம் நடக்கும், ஆனால் நீங்கள் போட்டிருக்கும் கணக்கின்படி நடக்காது. தன்னார்வப் பணி செய்யும் மாதத்தில் செலவே இராது என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் பயணச் செலவு, விசாக் கட்டணம், காப்பீடு, கைப்பேசி, மருந்து, விடுமுறை நாளில் ஊருக்குள் போய்வரும் செலவு, தன்னார்வப் பணிக்கு இடம் தேடித் தரும் இணையதளத்துக்கான ஆண்டுக் கட்டணம் ஆகிய எல்லாம் அப்போதும் இருக்கும். நான் மேற்கொண்ட ஏழு மாதப் பயணத்தின் கணக்குப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தன்னார்வப் பணி செய்த மாதங்களில் என் செலவு வழக்கமான மாதச் செலவில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்ததே தவிர, ஒருபோதும் அதற்குக் கீழே இறங்கவில்லை.

அந்தப் புத்தகத்திலிருந்து நான் கற்ற இன்னொன்று, செலவை உண்மையில் குறைப்பது மெதுவாகப் போவதுதான் என்பது. நான்கு நாளுக்கொரு முறை ஊர் மாறுகிறவர் ஒவ்வொரு முறையும் பயணச்சீட்டு வாங்குகிறார். புதிய ஊரில் இரவில் இறங்கி, கண்ணில் பட்ட முதல் விடுதியில் கேட்ட வாடகையைக் கொடுக்கிறார். சந்தை எங்கே, பேருந்து எங்கே என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் கூடுதலாகக் கொடுக்கிறார். அவரே ஒரே ஊரில் ஒரு மாதம் தங்கினால் மாத வாடகைக்கு அறை பேசலாம், பொதுச் சமையலறையில் சமைத்துக்கொள்ளலாம். அப்படித் தங்கிய மாதங்களில் என் செலவு பத்தில் ஏழு பங்காக இறங்கியது. நீங்கள் கணக்கர் என்பதால் எண்ணாகவே சொல்கிறேன்: எட்டு மாதத்தை ஆறாகக் குறையுங்கள். மூன்று நாடுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மாதங்கள், அவற்றில் ஒன்று தன்னார்வப் பணிக்கு. மூன்று தன்னார்வ மாதங்களுக்கு 1.2 மாதப் பணமும், மெதுவாகக் கழிக்கும் மூன்று மாதங்களுக்கு 2.1 மாதப் பணமும் ஆக 3.3 ஆகிறது. மீதமிருக்கும் 0.7 மாதப் பணத்தைத் தொடவே கூடாது. திரும்பி வரும் பயணச்சீட்டை இப்போதே தனியாக வாங்கி வைத்துவிடுங்கள்.

அந்த 0.7 ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது. மலையடிவாரத்தில் இருந்த ஒரு பண்ணையில் ஆறு வாரம் வேலை செய்ய ஒப்புக்கொண்டு போயிருந்தேன். நாளைக்கு ஐந்து மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்பது பேச்சு. இத்தகைய ஏற்பாடுகளில் பரவலாகச் சொல்லப்படும் அளவும் அதுதான். இரண்டாம் வாரத்தில் அது ஒன்பது மணி நேரமாயிற்று. விடுமுறை நாளில் சாப்பாடு கிடையாது என்றார்கள். கையில் பணம் இருந்ததால் மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். என்னோடு வேலை செய்த இளைஞர் ஒருவரால் கிளம்ப முடியவில்லை. அவரிடம் பேருந்துக்கும் அடுத்த இரண்டு இரவுகளுக்கும் பணம் இல்லை. வழியனுப்ப வாசல் வரை வந்தவர், தான் எதற்காக வீட்டைவிட்டுப் புறப்பட்டு வந்தோம் என்பதே மறந்துவிட்டது என்றார். உணவுக்காகவே தன்னார்வப் பணிக்குப் போகிறவர் தன்னார்வலராக இருப்பதில்லை, வேறு வழியில்லாதவராகிவிடுகிறார். நீங்கள் எழுதிய திட்டத்தின் கடைசி நான்கு மாதங்கள் முழுவதும் உங்களை அந்த நிலையில்தான் நிறுத்தும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது விசா. சம்பளம் வாங்காததால் அது வேலை ஆகாது என்று பலரும் நம்புகிறார்கள். பல நாடுகளின் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நியூசிலாந்தில் உழைப்புக்கு ஈடாகப் பெறும் தங்குமிடமும் உணவும் கூட ஊதியத்தைப் போன்ற பலனாகவே கருதப்படுகின்றன. அதனால் பண்ணையில் அப்படி வேலை செய்ய வேலை அனுமதியுள்ள விசா வேண்டும். பிரிட்டனில் பார்வையாளர் விசாவில் வருகிறவர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் மட்டும், மொத்தம் 30 நாட்களுக்கு மிகாமல் தன்னார்வப் பணி செய்யலாம். விடுதி வரவேற்பு மேசையில் உட்காருவதற்கு அந்தச் சலுகை பொருந்தாது. ஆஸ்திரேலியாவில் விடுமுறைக்கால வேலை விசாவை இரண்டாம் ஆண்டுக்குப் பெறுவதற்கு ஊதியமில்லாப் பண்ணை வேலையையும் ஒரு காலத்தில் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அப்படி உழைத்தவர்கள் சுரண்டப்பட்டதால் 2015இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே, இடம் கொடுப்பவர் சொல்வதை நம்பாமல், அந்தந்த நாட்டின் குடிவரவுத் துறைத் தளத்தில் உங்கள் கடவுச்சீட்டுக்குரிய விதியை நீங்களே படியுங்கள். எல்லையில் அதிகாரி கேட்டால் சுற்றுலா என்று சொல்லிவிடு என யோசனை சொல்லும் எவரிடமும் வேலைக்குப் போகாதீர்கள். பிடிபட்டால் நாடு கடத்தப்படுவது நீங்கள். அவருக்கு இன்னொருவர் கிடைத்துவிடுவார்.

ஐரோப்பாவை நினைத்திருந்தால், தங்களுக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனின் விதியை மறக்க வேண்டாம். அந்த 29 நாடுகளையும் ஒரே நாடாகக் கருதி, எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது என்கிறது அது. நாடு மாறினால் நாட்கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை.

இப்போது குழந்தைகள் இல்லம். உங்கள் நல்லெண்ணத்தை நான் சிறிதும் சந்தேகிக்கவில்லை. ஆனால் இத்தகைய இல்லங்களில் வளரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்பது கம்போடியா, நேபாளம் முதலிய நாடுகளில் பலமுறை தெரியவந்த உண்மை. வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் கட்டணம் கட்டி வருவதால், இல்லத்தை நிரப்பக் குழந்தைகள் தேவைப்படுகிறார்கள். படிக்க வைப்பதாக வாக்குக் கொடுத்து ஏழைப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை வாங்கிவந்து நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2018இல் நவீன அடிமைமுறைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியபோது, இப்படிக் குழந்தைகளை இல்லங்களுக்குக் கடத்துவதையும் நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டது. நீங்கள் போகவிருக்கும் இல்லம் நேர்மையானதாகவே இருந்தாலும், மூன்று வாரம் மடியில் உட்கார்ந்து கதை கேட்ட குழந்தை, நீங்கள் போன மறுநாள் அடுத்தவர் மடியில் உட்கார வேண்டும். ஆண்டு முழுவதும் பிரிந்து பிரிந்தே வளரும் குழந்தைக்கு யாரை நம்புவது என்பது தெரியாமல் போய்விடுகிறது. ஆசிரியர் பயிற்சி இல்லாதவரை, பின்னணிச் சோதனை எதுவும் இல்லாமல், பணம் கட்டினால் போதும் என்று குழந்தைகளிடையே அனுமதிக்கும் இடம் எதுவாயினும் அதை விட்டு விலகுங்கள். காட்டு விலங்குகளின் குட்டிகளைக் கையில் ஏந்திப் பாலூட்டச் சொல்லிக் கட்டணம் வாங்கும் இடங்களுக்கும் இதையே சொல்வேன்.

உங்களிடம் கொடுப்பதற்கு இதைவிட அருமையான ஒன்று இருக்கிறது. நன்கொடையில் நடக்கும் சிறிய அமைப்புகளில் ரசீதுகள் பெட்டிக்குள் கிடக்கும். வரவு செலவை ஒழுங்காகக் காட்ட முடியாததாலேயே அவர்களுக்கு அடுத்த நிதி வராமல் போகும். கணக்கேடுகளைச் சீராக்கி, உள்ளூர்ப் பணியாளர் ஒருவருக்கு அதைக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவதற்கு ஒரு மாதம் போதும். நீங்கள் கிளம்பிய பிறகும் அது அங்கே நிற்கும். அதற்குரிய விசா விதி அனுமதித்தால், இதைத்தான் முதலில் தேடச் சொல்வேன்.

மண்ணில் இறங்கி வேலை செய்யும் ஆசையும் இருந்தால், இயற்கை வேளாண் பண்ணைகளைத் தன்னார்வலர்களோடு இணைக்கும் வூஃப் (WWOOF) அமைப்பு இருக்கிறது. அது 1971இல் இங்கிலாந்தில் தொடங்கியது. இன்று பல நாடுகளில் இயங்குகிறது. பெரும்பாலும் நாடுவாரியாகத்தான் உறுப்பினராக வேண்டும் என்பதால் மூன்று நாட்டுக்கும் ஒரே நேரத்தில் பணம் கட்டிவிடாதீர்கள். முதல் உலகப்போர் முடிந்து 1920இல் பிரான்சின் வெர்தன் அருகே சிதைந்த கிராமமொன்றைச் சீரமைத்ததில் பிறந்த சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல், இரண்டு மூன்று வாரக் கூட்டுப் பணி முகாம்களை நடத்துகிறது. முதல் முறை போகிறவருக்கு அது மிக ஏற்றது. பத்துப் பேரோடு இருப்பதால் தனிமையும் பயமும் குறையும். பின்னாளில் வேலை அனுபவத்தை முழுமையாகத் தர விரும்பினால், ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே வாழ்க்கைச் செலவுக்கான படியும் கிடைக்கும்.

காப்பீட்டுப் பத்திரத்தின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். ஏணியில் ஏறுவது, இயந்திரம் கையாள்வது போன்ற உடலுழைப்பில் நேரும் காயத்துக்குப் பல பயணக் காப்பீடுகள் பணம் தருவதில்லை; உரிமமின்றி இருசக்கர வாகனம் ஓட்டி விழுந்தாலும் அப்படியே. விலங்குகளோடு வேலை என்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கும் நாடுகளுக்குப் போவதானால், ஊசி போட்டு 10 நாட்கள் கழித்தே சான்று செல்லுபடியாகும். கடவுச்சீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் மீதி இருக்கட்டும். இரண்டு வங்கி அட்டைகளை இரண்டு இடங்களில் வையுங்கள். பணம் எடுக்கும்போது இயந்திரம் உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமானது.

இடம் கொடுப்பவருக்கு எழுதும் முதல் கடிதத்தில் கூச்சப்படாமல் எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள். நாளைக்கு எத்தனை மணி நேரம், விடுமுறை எந்த நாள், அன்றைக்கும் உணவு உண்டா, அறை யாரோடு, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, மிக அருகிலுள்ள பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். முன்பு அங்கே வேலை செய்த பெண் ஒருவரோடு பேச வேண்டும் என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குச் சினங்கொள்கிறவர் வீட்டில் உங்களுக்கு வேலை இல்லை. பதில் திருப்தியாக இருந்தாலும் முதலில் இரண்டு வாரத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். பிடித்திருந்தால் நீட்டிப்பது எளிது. போய்ச் சேரும் நாளன்று, அந்த ஊரில் தனியாகத் தங்கக்கூடிய ஒரு விடுதியின் முகவரியையும் மூன்று இரவுக்கான பணத்தையும் பையின் அடியில் வைத்துக்கொண்டு போங்கள்.