ஃபிளாஷ் போடும் முன்னே: கேள்வி பதில்

வடசேரியில செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். ஃபிளாஷிங், அதாவது போனோட அடிப்படை சாஃப்ட்வேரான ஃபர்ம்வேரைக் கம்ப்யூட்டர்ல இருந்து திரும்ப ஏத்துறது பத்திக் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்லுதேன்.

தக்கலை: அண்ணே, மீடியாடெக் சிப் உள்ள போன் லோகோவிலேயே நிக்குது. அதுக்கு ஃபிளாஷ் போடுற எஸ்பி ஃபிளாஷ் டூல் சாஃப்ட்வேர்ல எதைத் தேர்வு செய்யணும்?

டவுன்லோட் ஒன்லி. எல்லாத்தையும் அழிக்கிற ஃபார்மட் ஆல் பக்கமே போகாதீங்க. முதல்ல, போன்ல இருக்கிறதைக் கம்ப்யூட்டருக்கு நகலெடுக்கிற ரீட்பேக்ல என்விராமை (போனோட அடையாள நம்பரான ஐஎம்இஐ கிடக்குற பகுதி) எடுத்து வையுங்க. எந்தப் பகுதி எங்க இருக்குன்னு சொல்லுற ஸ்கேட்டர் ஃபைல் உங்க மாடலோடதான்னு ரெண்டு தடவை பாருங்க. வேற மாடலோட பிரீலோடர் (போனை முதல்ல எழுப்புற புரோகிராம்) ஏறிட்டா இப்ப லோகோவாவது வருது, அதுவும் வராது. போனை ஆஃப் பண்ணி, வால்யூம் பட்டனை அமுக்கிக்கிட்டே கேபிளைக் குத்துங்க. சிவப்புப் பட்டை ஓடினா, ஃபிளாஷ் பண்ண உதவுற டிஏ ஃபைல் ஏறுது. மஞ்சள் ஓடும்போதுதான் ஃபர்ம்வேரை எழுதுது, அப்ப கேபிளை ஆட்டப்பிடாது. டெஸ்க்டாப்னா யூபிஎஸ் இல்லாம உக்காராதீங்க, நம்ம ஊர் மழைக்குக் கரண்டு எப்ப போகும்னு தெரியாது.

குளச்சல்: கடல்ல விழுந்த போன். ஃபிளாஷ் போட்டா சரியாகுமா?

ஆகாது. சார்ஜ் போடாதீங்க. உப்பு போர்டை அரிக்கும் முன்னே கழட்டிக் கழுவணும், கடைக்குக் கொண்டு வாங்க.

கருங்கல்: குவால்காம் சிப் உள்ள போன் செத்துட்டு. கம்ப்யூட்டர்ல 9008னு மட்டும் காட்டுது.

சாகல. அது இடிஎல் மோடு, அவசரத்துக்கு ஃபர்ம்வேர் ஏத்துற நிலை. அந்த மாடலுக்குரிய ஃபயர்ஹோஸ்ங்கிற உதவி ஃபைல் கிடைச்சா, க்யூஃபில் சாஃப்ட்வேர்ல ஃபர்ம்வேரை ஏத்திரலாம்.

மார்த்தாண்டம்: நானும் கடைக்காரன்தான் அண்ணே. ஃபார்மட் ஆல் போட்டாத்தான் சுத்தமா ஏறும். ஐஎம்இஐ போனா திரும்ப எழுதிக்கலாமே?

என்விராம்ல ஐஎம்இஐ மட்டுமா கிடக்கு? அந்தப் போனுக்குன்னே கம்பெனியில அளந்து எழுதுன சிக்னல் கணக்கு, வைஃபை முகவரி எல்லாம் அங்கதான். ஐஎம்இஐ எழுதினா அதெல்லாம் திரும்பி வராது. இதுல வேற நம்பரை எழுதினா 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 வருஷம் வரை ஜெயில், 50 லட்சம் வரை அபராதம்.

மார்த்தாண்டம்: எனக்கு ஒரு போனும் திரும்பி வந்ததில்லையே.

உங்க கடைக்கு வரல தம்பி, என் கடைக்கு வருது. போன மாசம் ஒண்ணு: ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் அடிச்சா ரெண்டு ஐஎம்இஐ நம்பரும் அழகா வருது. பேச்சிப்பாறைப் பக்கம் போனா டவர் நிக்கல. வைஃபை பட்டியலைத் திறந்தா ‘என்விராம் வார்னிங்’னு ஒரு பேரு மேலேயே உக்காந்திருக்கு. பாத்தியளா?

இரணியல்: எஸ்பி ஃபிளாஷ் டூல்ல எது...

தக்கலைக்காரருக்குச் சொன்னதை வாசிங்க.

முட்டம்: சாம்சங்குக்கு ஃபிளாஷ் போடுற ஒடின் சாஃப்ட்வேர்ல எந்த ஃபைலைப் போடணும், சிஎஸ்சியா, ஹோம் சிஎஸ்சியா?

போட்டோ வேணும்னா ஹோம் சிஎஸ்சி. வெறும் சிஎஸ்சி போட்டா எல்லாத்தையும் துடைச்சிரும்.

குழித்துறை: செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, பழைய ஆளோட ஜிமெயிலைக் கேக்குது.

பில்லோட அந்த ஆளையும் கூட்டிட்டு வாங்க.

களியக்காவிளை: ஃபார்மட் ஆல் போட்டா வேகமா...

எடே மக்கா! மேல வாசி.

மார்த்தாண்டம்: அண்ணே, ரீட்பேக்குக்கு என்விராம் அட்ரஸை எங்க பாக்கணும்?

ஸ்கேட்டர் ஃபைலை நோட்பேட்ல திறங்க. என்விராம்னு தேடுங்க. அதுக்குக் கீழே ஆரம்ப அட்ரஸும் சைஸும் இருக்கும், அதை அப்படியே ரீட்பேக்ல போடுங்க. அதே மாதிரி என்விடேட்டாங்கிற பகுதியையும் எடுத்துருங்க.